கண் திறந்த கட்டை

பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இருமக் கூடாது, செருமக் கூடாது, செருப்பைச் சரளையில் தேய்க்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே, ‘உனக்கு ஒரு சங்கதி தெரியுமாம்மா’ என்று ஆரம்பிக்கவே கூடாது. இதில் பாதியை அவள் வாயால் சொல்லவில்லை. மடக்கு ஸ்டூலைப் புல்லில் விரித்து உட்கார்ந்து, பலகையில் தாளைக் கிளிப் போட்டு மாட்டி, உதட்டின் மேல் விரலை வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள் என் மருமகள் ஹேமலதா. மீதி எனக்கே விளங்கிவிட்டது. ஆக, மெல்போர்னின் வடக்கு விளிம்பில், எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் போகும் ஓடைக்கரையில், காலை வெயில் முதுகில் ஏற ஏற, ஒரு மர பெஞ்சில் நான் மூட்டை மாதிரி வைக்கப்பட்டிருக்கிறேன். எதிரே தைலமரம். நம் ஊரில் ரோட்டோரம் ஒல்லியாக நிற்குமே, அது இல்லை. அந்த வம்சத்துக்கே பெரியப்பா மாதிரி ஒன்று, நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத இடுப்பு. அதன் தாழ்ந்த கிளையில், முறிந்த சிம்புகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதுதான் பறவை. தவளைவாயன். பகல் முழுக்க முறிந்த கட்டையாக நடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும், இருட்டினால்தான் இரை தேடக் கிளம்பும். குளிர்காலத்திலிருந்து ஹேமலதா இதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கண்டுபிடித்தது நான். விடிந்ததும் நடக்க வந்தேன், நிமிர்ந்தேன், கட்டை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மஞ்சளாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண். உடனே மூடிக்கொண்டது. வீட்டுக்கு ஓடினேன். ஓட்டம் என்றால் என் வயசு ஓட்டம். மகன் ரத்னவேல் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு வாயில் ரொட்டியோடு நின்றான். “போன வாரம் ஓடையில முதலை பார்த்தீங்க. இன்னைக்குக் கட்டை கண்ணடிச்சுதாக்கும்?” என் மனைவி செல்லக்கனி இட்லித் தட்டைத் தட்டிக்கொண்டே, “கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கேன், இந்த மனுசன் பார்த்த காக்கா ஒண்ணுகூட காக்காவா வீடு வந்து சேந்ததில்ல. கழுகாத்தான் வந்திருக்கு” என்றாள். ஹேமலதா ஒருத்திதான் காபியை அப்படியே வைத்துவிட்டு, “எந்த மரம் மாமா?” என்று எழுந்தாள். அந்த ‘எந்த மரம்’ இப்போது என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, இறங்கவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சொன்னது வேறு காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊர் மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள். ஓடைக்கரைப் பிராணிகள் என்று பெயர். நடத்துகிற பெவர்லி அம்மாள் நல்ல மனுஷிதான், என்னைக் கண்டால் கைகூப்பி வணக்கம் எல்லாம் சொல்வாள். அவள் ஹேமலதாவிடம், ‘இந்தச் சாம்பல் குருவிகளை இங்கே எல்லாரும் வரைகிறார்கள், நீ உன் ஊர் மயிலை வரைந்து கொடேன், சுவரில் கொஞ்சம் வண்ணம் வரும், உன்னிடமிருந்து ஜனங்கள் அதைத்தானே எதிர்பார்ப்பார்கள்’ என்று சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். ஹேமலதா சூளைமேட்டில் பிறந்து வளர்ந்தவள். “மயிலை நான் பார்த்ததே வண்டலூர்ல மாமா, கம்பிக்குப் பின்னாடி. அதைவிட இந்த ஓடை எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள். ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. அப்புறம், “நாளைக்குக் காலைல தவளைவாயன் கிடைக்கலைன்னா மயிலையே வரைஞ்சு குடுத்துடறேன், விடுங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடை ஷட்டரை இழுத்துவிடுகிற மாதிரி இருந்தது அந்த ‘விடுங்க’. ஒரு மயில் கொடுத்தால் அடுத்த வருஷம் யானை கேட்பார்கள், அதற்கடுத்த வருஷம் தாமரைக்குளம், அப்புறம் இவள் தன் கண்ணால் எதையும் பார்க்கவே வேண்டியிருக்காது, எல்லாவற்றையும் மற்றவர்களே பார்த்து அனுப்பிவிடுவார்கள். பார்க்காததை வரைய மாட்டாள் இவள், அதுதான் இவளிடம் உள்ள கிறுக்கு, அதுதான் இவளிடம் உள்ள அழகு. போட்டோ எடுத்து வைத்து வரையேன் என்று ரத்னவேல் சொன்னதற்கு, “போட்டோல வேற யாரோ பார்த்து முடிச்சிட்டாங்க. நான் எதைப் பார்க்கறது?” என்று கேட்டாளே, அன்றைக்கே நான் இவள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இப்போது பாருங்கள் அவளை. தாளைப் பார்க்கவே மாட்டாள். கண் மரத்தில், கை மட்டும் தாளில், வழி தெரிந்த எறும்பு மாதிரி பென்சில் தன் பாட்டுக்குப் போகிறது, நிற்கிறது, முகர்ந்து பார்க்கிறது, திரும்புகிறது. கண் இறகின் ஓரத்தில் எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் பென்சிலும் இறங்கும். இதை வீட்டுக்குக் கொண்டுபோய் தரையில் விரிக்கிற லினோலியத் துண்டில் இடம் வலமாக மாற்றி, சின்னச் சின்ன உளியால் வெள்ளையை எல்லாம் தோண்டி எறிந்து, மிஞ்சினதில் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்ப்பாள். தேய்த்துத் தாளை ஒரு மூலையிலிருந்து உரிக்கும்போது மூச்சுவிட மாட்டாள், நானும் விட மாட்டேன். எனக்கு இது புதுசு இல்லை. சிவகாசியில் கல் அச்சு மிஷினோடு வாழ்ந்தவன் நான். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் பார்த்தே பாதிக் கண் மாறிப் போனது. மூக்கில் ஈ. இந்த ஊர் ஈ மூக்கில் உட்கார்ந்தால் வாடகை பேசித்தான் கிளம்பும். ஊதலாமா? உதட்டை இப்படிக் கோணலாக்கி மேலே ஊதினால் சத்தம் வராது. வந்துவிட்டது. அவள் தோள் லேசாக விறைக்கிறது. மன்னித்துக்கொள் தாயே. ஈ காதுக்குப் போய்விட்டது. அங்கேயே இரு. ஜெபமணி இப்படி இல்லை. எங்கள் பிரஸ்ஸில் தீப்பெட்டி லேபிளுக்குப் படம் போட்ட ஓவியர் ஜெபமணி தாளில் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்துதான் போடுவார், வரைய வேண்டிய மிருகம் வாசலில் வந்து நின்றால்கூட நிமிர மாட்டார். ஒரிசாப் பார்ட்டிக்குக் கங்காரு லேபிள் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஊரில் கங்காருவைப் பார்த்தவன் ஒருத்தன் கிடையாது. நான் பார்த்திருக்கிறேன் என்றேன். எங்கே என்றார் ஜெபமணி. சர்க்கஸில் என்றேன். “பை எங்க இருக்கும்வே?” “முதுகுல. பள்ளிக்கூடம் போற பிள்ள மாட்டுமே, அப்படி, ரெண்டு வார் வச்சு.” அந்த மனுஷன் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்லின் மேல் பொட்டுப் பொட்டாக வைத்து, இரண்டு வார் போட்ட பையில் குட்டி காதை நீட்டிக்கொண்டிருக்க, ஒரு கங்காருவை எழுப்பி நிறுத்தினார். கண்ணுக்கு மட்டும் தன் வீட்டுக் கன்றுக்குட்டியின் கண்ணை எடுத்து வைத்திருந்தார். சிரிப்பாகத்தான் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. தாய் திரும்பிப் பார்க்காமலே பின்னால் குட்டி இருக்கிறதா என்று காதால் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு காது. இங்கே வந்து நிஜக் கங்காருக்களைப் புல்வெளியில் கும்பலாகப் பார்த்தபோது எனக்கு அவற்றின் பை இடம் மாறி இருப்பதாகவே தோன்றியது. ஒரு வார்த்தைதான் சொன்னேன், அதை அவர் அவ்வளவு பெரிதாக நம்பினார். இவளும் ஒரு வார்த்தையைத்தான் நம்பி வந்திருக்கிறாள்.

கண் திறந்ததா? திறந்தது. மஞ்சளாகத் திறந்தது. பொத்தான் அளவுக்கு. பொத்தான் எப்போது வந்தது? பார்த்தபோது பொத்தான் என்று நினைத்தேனா, வீட்டு வாசலில் ரத்னவேலிடம் சொல்லும்போது பொத்தான் வந்து சேர்ந்ததா? முதலில் மஞ்சள் என்று சொன்னேனா, ஏதோ மினுக்கென்று இருந்தது என்று சொன்னேனா? கதை அளக்கிற என் தொழிலின் கஷ்டமே இதுதான். வெறுமனே ஒன்றைச் சொல்லிப் பழக்கமில்லை. ஓடையில் விலாங்கு நெளிந்தது என்று ஆரம்பித்தால் வாசல் கேட்டைத் திறப்பதற்குள் அது முதலையாகிவிடுகிறது, அதை நான் ஆக்குவதில்லை, அதுவே ஆகிறது, ஆன பிறகு எனக்கும் முதலைதான் நினைவில் இருக்கிறது, விலாங்கைத் தேடினாலும் கிடைப்பதில்லை. அப்படி என்றால் காலையில் நான் பார்த்தது என்ன? மரம். கிளை. நிமிர்ந்த கட்டை. வெயில் பட்டது. பட்டையில் ஈரம் இருந்தால் மினுக்கும். ஒரு பிசின் கட்டிகூட மஞ்சளாக மினுக்கும், தைலமரத்துப் பிசின். ஐயோ. பிசினையா இவளுக்குக் காட்டினேன்? உற்றுப் பார்க்கிறேன். மூச்சுவிடுகிறதா? கட்டை மூச்சுவிடாது. இது விடுகிற மாதிரியும் இருக்கிறது. ஆனால் நான் மூச்சுவிடும்போதெல்லாம் அதுவும் விடுகிறது, நான் பிடித்துக்கொண்டால் அதுவும் பிடித்துக்கொள்கிறது, ஆக அது என் மூச்சு. மூக்குக்கு மேலே குச்சிமுடி இருக்கும் என்பாள் ஹேமலதா. இருக்கிறது. இல்லை, அது நார். பறவை என்று நினைத்தால் தோள் தெரிகிறது, கட்டை என்று நினைத்தால் முண்டு தெரிகிறது. இவ்வளவு நல்ல புளுகனை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை, பறவையாக இருந்தால். நான் வாயால் புளுகுகிறேன், எவனாவது குறுக்குக் கேள்வி கேட்டால் வழுக்கிவிடும். இது உடம்பு முழுவதையும் ஒரே பொய்யாக்கிச் சூரியன் எதிரே வைத்துவிட்டுத் தூங்குகிறது. கட்டையாக இருந்தால் அது பாவம் ஒரு புளுகும் சொல்லவில்லை, சொன்னவன் நான். பாதையில் சைக்கிள்காரன் வருகிறான், தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் குச்சிகளை முள்ளாகக் குத்தி வைத்திருக்கிறான். வசந்தம் வந்தால் இங்கே மேக்பை பறவை கூட்டைக் காக்கிறேன் என்று போகிறவன் வருகிறவன் மண்டையில் கொத்தும், அதற்குத்தான் அந்த முள். மேக்பை இறங்கி அவன் காதோரம் ‘டக்’கென்று ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகிறது. அவன் கெட்ட வார்த்தையில் கத்துகிறான். இவ்வளவு ரகளைக்கும் கட்டை அசையவில்லை. பறவைதான்! இல்லாவிட்டால் கட்டைதான். இரண்டுமே அசையாது. ஹேமலதா சைக்கிளைப் பார்க்கவில்லை, மேக்பையைப் பார்க்கவில்லை, பென்சில் மட்டும் ஒரு முடிக்குப் பக்கத்தில் இன்னொரு முடியை வைத்துக்கொண்டு போகிறது.

படம் போடுகிற இவர்கள் எல்லாருமே இப்படித்தான். இவள் அச்சடிக்கப் போகிற பட்டறைக்கு என்னையும் ஒரு தரம் கூட்டிப் போனாள். ஒரு கிழவர் உடைந்த குடைக்கம்பிகளை வளைத்து எகிட்னா செய்துகொண்டிருந்தார், நம் முள்ளம்பன்றிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும் அது. தொட்டுப் பார்க்கப் போனேன், கம்பி என்று தெரிந்தும் கை தானாகப் பின்வாங்கியது. இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்மணி ஒருத்தி கரியால் விலாங்கு வரைந்துகொண்டிருந்தாள். தாளின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரே கோடு, கையை எடுக்கவே இல்லை. ஈரம் சொட்டும் என்று நான் காலைத் தள்ளி வைத்தேன். அவள் சிரித்து, ‘பயப்படாதே, இது என் தாத்தாவைத்தான் கடிக்கும், உன்னைத் தெரியாது’ என்று சொன்னாளாம், ஹேமலதா மொழிபெயர்த்தாள். எனக்கு அவளை அங்கேயே பிடித்துப் போயிற்று, புளுகில் என் ஜாதிக்காரி. போகும்போது ஹேமலதாவிடம், ‘எங்கள் கோடுகளை எடுக்காதே, உன் கோட்டைப் போடு, பறவை ஆட்சேபிக்காது’ என்றாளாம். பறவையே ஆட்சேபிக்காதபோது பெவர்லிக்கு என்ன? எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை முழுக்க இந்த ஊர்த் தைலமரத்தை நட்டு வைத்திருக்கிறார்கள், நீ ஏன் ஆலமரமாக முளைக்கவில்லை என்று யாராவது கேட்டார்களா? இதைப் பெவர்லியிடம் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் வராது. இப்போது இவளிடமாவது சொல்லலாமே. வாய் திறக்கப் பார்க்கிறது, மூடு. சொல்ல வேண்டியது அது இல்லை. சொல்ல வேண்டியது வேறு. ‘அம்மா, நான் காட்டினது கட்டையாக இருந்தாலும் இருக்கும்.’ இதைச் சொல்ல வேண்டும். இப்போதே சொன்னால் மிச்சக் காலையிலாவது வேறு மரத்தைத் தேடுவாள். ஆனால் அது பறவையாக இருந்து, என் சத்தம் கேட்டுப் பறந்துவிட்டால்? குளிர்காலத்திலிருந்து தேடினது, என் ஒரு இருமலில் போய்விடும், சாயங்காலம் மயிலுக்குப் பச்சையும் நீலமும் வாங்கக் கிளம்புவாள், நான்தான் கூடப் போய்ப் பையைப் பிடிப்பேன். பேசாமல் இருந்து அது கட்டையாக இருந்தால்? இவ்வளவு நேரமும் ஒரு விறகை வரைந்திருப்பாள், என்னைத் திட்ட மாட்டாள், அதுதான் பயமாக இருக்கிறது. ‘பரவால்ல மாமா’ என்பாள், அடுத்த தரம் நான் எதைச் சொன்னாலும் ரத்னவேல் சிரிக்கிற சிரிப்பை இவளும் சிரிப்பாள். உலகத்தில் என் பேச்சைக் கேட்டுக் காபியை வைத்துவிட்டு எழுந்த ஒரே ஆள். தொண்டை அரிக்கிறது. பேசினால் பறவை போகும், பேசாவிட்டால் மருமகள் போவாள். எச்சிலை விழுங்குகிறேன், அந்தச் சத்தமே எனக்கு இடி மாதிரி கேட்கிறது. பென்சில் நின்றுவிட்டது. ஏன் நின்றது? கண்டுபிடித்துவிட்டாளா? இல்லை, முனையைத் திருப்பிக்கொள்கிறாள், மறுபடி போகிறது. கட்டைக்கு இவ்வளவு பொறுமையா? அவளுடைய பின்கழுத்தில் வெயில் பட்டுச் சிவந்திருக்கிறது, கையால் மறைக்கக்கூட மாட்டேன் என்கிறாள். இனி முடியாது. சொல்லிவிடுகிறேன். உதடு அசையாமல், வெறும் காற்றாக. “ஏம்மா ஹேமா…” தோள் விறைத்தது. “அது… கட்டையா இருந்தாலும் இருக்கும்மா. நான் சரியாப் பார்க்கலையோ என்னவோ.” சொல்லிவிட்டேன். கட்டை பறக்கவில்லை. ஆக கட்டைதான். முடிந்தது. அவள் திரும்பவில்லை. கண்ணை மரத்திலிருந்து எடுக்காமல், என்னைவிட மெல்லிய குரலில், “தெரியும் மாமா. அசையாதீங்க” என்றாள். தெரியுமா? எது தெரியும்? கட்டை என்று தெரிந்துமா வரைகிறாள்? எனக்காகவா? கிழவன் மனசு நோகக் கூடாது என்று ஒரு விறகை உட்கார்ந்து வரைகிறாளா? இதைவிட அவள் திட்டியிருக்கலாம். ஈ மறுபடி மூக்குக்கு வந்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு இது வேண்டும்.

கடைசியில் அவள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காலில் ரத்தம் ஓடட்டும் என்று ஒரு நொடி நின்று, பூனை மாதிரி நடந்து வந்து பலகையை என் மடியில் வைத்தாள். நான் காட்டிய கட்டை தாளில் இருந்தது. அதன் வெடிப்பு, பிசின், நார், எல்லாம் இருந்தது. கட்டையேதான், யார் பார்த்தாலும் கட்டை, பறவையின் ஜாடைகூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததால் தாள் இன்னும் பக்கத்தில் வந்தது. கட்டைக்கு இடப்பக்கம், கிளை பிரிகிற இடத்தில், வெறும் பட்டை என்று நான் தாண்டிப் போன இடத்தில், ஒரு கோடு நேராக இறங்க வேண்டியது, இறங்காமல் உருண்டு வந்தது. தோள். தோளுக்கு மேலே தையல் போட்ட மாதிரி ஒரு கீற்று. மூடின கண். அதற்கு மேலே சிலுப்பிய குச்சிமுடி. மார்புக்குக் கீழே பஞ்சை உருட்டி வைத்த மாதிரி இன்னொன்று, குட்டிக் கண் மூடி, தாயின் மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு. தாளிலிருந்து தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தேன். இருந்தது. காலையிலிருந்து அங்கேயே இருந்தது, என் கண்ணுக்கு நேரே, தாயும் குஞ்சும், பட்டையோடு பட்டையாக. அவள் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் மரமே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. இனி எப்படிப் பார்த்தாலும் அவற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. “அப்போ நான் காட்டினது?” “கட்டை மாமா. வந்து உக்கார்ந்ததுமே தெரிஞ்சுது.” “அப்பவே சொல்றதுக்கு என்னம்மா?” “சொன்னா நீங்க பேச ஆரம்பிச்சிருப்பீங்களே.” மூக்கில் இருந்த ஈயைக் கையால் விரட்டினேன். “கண்ணு மஞ்சளா இருந்துச்சுன்னு நான் சொன்னேனே…” “கண்ணு நிஜம்தான். உங்களைப் பார்த்தது இந்த அம்மாதான். நீங்க கை நீட்டினது மட்டும் பக்கத்து வீட்டுக்கு.” இந்த ஒரு பதிலுக்காக இன்னொரு காலை வேண்டுமானாலும் ஈயோடு உட்கார்ந்திருப்பேன். அவள் தாளைக் கையில் தூக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அந்த முகத்தை நேற்று ராத்திரி முகத்தோடு வைத்தால் ஒரே ஆள் என்று சொல்ல மாட்டீர்கள். “இதைத்தான் குடுக்கப் போறேன். மயில் இல்லைன்னு பெவர்லிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை” என்றாள். “அது என்ன பெரிய விஷயம்? மயில்தான் வந்துச்சு. உங்க ஊர் வெயில்ல ஒரு காலை உக்கார்ந்திருந்துச்சு, கலரெல்லாம் வெளுத்து இப்படி ஆயிருச்சுன்னு சொல்லு” என்றேன். அவள் வெடித்துச் சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்தினாள், அதற்குள் சிரிப்பு மரத்துக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் அப்படியே உறைந்து மேலே பார்த்தோம். பறக்கவில்லை. தாய் மெல்ல, மெல்ல, கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி, உடம்பை ஒடுக்கி, கட்டையைவிடக் கட்டையானது. கீழே குஞ்சும் அதைப் பார்த்துத் தன் சின்ன அலகை மேலே தூக்கிக்கொண்டு விறைத்தது. ஹேமலதா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், விரல் அழுந்தியது. அப்போதுதான் பக்கத்தில் நான் காட்டிய கட்டையைப் பார்த்தேன். அதுவும் கொஞ்சம் நிமிர்ந்தது. சிரிக்காதீர்கள், ஒரு நெல் அளவுதான். நான் பார்த்தேன்.